ஊசிக்கு ஒரு அரோகரா

திருத்தணி
மே 24

அண்ணாவுக்கு,

பாஞ்சாலி எழுதுகிறேன். வெறும் சாக்கை உதறும்போது இந்தக் காகிதம் விழுந்தால், பழைய பில் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதே.

போன ஆடிக் கிருத்திகை அன்றைக்கு சரவணப்பொய்கைக் கரையில் நம்மைப் பெற்ற நைனாவின் காவடிமேல் கை வைத்து என்ன சொன்னாய்? "இத்த மறுபடி என் தோள்ல தூக்கிகினு மலை ஏர்ற அன்னிக்குத்தான் உன்கூட பேசுவேன். அதுவரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது." ஊரே கேட்டது. பேச மாட்டேன் என்றுதானே சொன்னாய்? படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. அதனால்தான் எழுதுகிறேன். போன் செய்தால் நீ அண்ணியிடம் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறாய். உன் பட்டன் போனுக்கு மெசேஜ் அனுப்பினால் அதைத் திறக்கவும் உனக்குத் தெரியாது.

நல்லவேளை, பூவை நிறுத்தவில்லை. சண்டை போட்ட மறுநாளே உன் சாமந்தி மூட்டை பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கியது. கண்டக்டர் சடகோபன் சிரித்துக்கொண்டே, "உங்க அண்ணன் மூஞ்ச தூக்கி வச்சிகினு ஏத்தி வுட்டாரும்மா" என்றார். இத்தனை மாதமாக உன் பூ என் கடைக்கு வருகிறது, என் வெறும் சாக்கு உன் வீட்டுக்குப் போகிறது. நடுவில் வாய் மட்டும் இல்லை.

நான் அன்றைக்குச் சொன்னதைப் பற்றி இப்போது பேச வரவில்லை. வருஷா வருஷம் நைனா எடுத்த காவடி, அவருக்குப் பிறகு நீ எடுத்த காவடி. போன ஆடியிலும் தோள்வலி என்று நீ உட்கார்ந்துகொண்டாய், உன் மாப்பிள்ளை, அதான் என் வீட்டுக்காரர், எடுத்தார். எனக்கு ஆத்திரம். "வலியாம் வலி, எல்லாம் வேஷம்" என்றேன். நாலு பேர் இருந்தார்கள்தான். அந்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும்.

விஷயம் வேறு. என் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒருத்திக்கு உன்னைப் போலவே கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வலி. தலையைத் திருப்ப முடியாது, கையைத் தூக்க முடியாது. தைலம், ஒத்தடம், மாத்திரை, எதற்கும் அசையவில்லை. ஸ்டேஷன் பக்கம் மெடிக்கல் ஷாப் மாடியில் புதன்கிழமைதோறும் சென்னையிலிருந்து ரயிலில் ஒரு டாக்டர் வருகிறார். கயல்விழி என்று பெயர். வலிக்கு மட்டுமே பார்க்கிறவர். விரலால் அழுத்தித் தேடுகிறார். சதைக்குள்ளே பச்சை வேர்க்கடலை மாதிரி கெட்டியாக ஒன்று அகப்படுகிறது. அதன்மேல் அழுத்தினால் உயிர் போகும். அந்த இடத்தில் மெல்லிசான ஊசியை இறக்கி மரத்துப்போகிற மருந்தை விடுகிறார். சதை ஒரு துள்ளு துள்ளி அப்படியே அடங்குகிறது. அவள் இப்போது கழுத்தைத் திருப்பித் திருப்பி வம்பு பேசுகிறாள்.

நீயும் வா. ஆடி வருவதற்குள் தோள் சரியாக வேண்டாமா?

பாஞ்சாலி

---

பள்ளிப்பட்டு
வைகாசி 14

பாஞ்சாலிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அண்ணி வரலட்சுமி கண்ணில் படாமல் வாழைத்தோட்டத்தில் உட்கார்ந்து படித்தேன். பார்த்தால் "இன்னா, அண்ணனும் தங்கச்சியும் லவ் லெட்டர் போட்டுக்கிறீங்களா" என்று சிரிப்பாள்.

"அந்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும்" என்று நீ எழுதிவிட்டாய். சொன்னவளுக்கு அது சுலபம். வேஷம் போடுகிறவன் எவனாவது தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்ள முடியாமல் பெண்டாட்டி கையை எதிர்பார்த்து நிற்பானா? தினமும் காலையில் உன் அண்ணி என் இடது கையைச் சின்னப் பிள்ளைக்கு நுழைப்பதுபோல் நுழைத்துவிடுகிறாள். முதுகில் மருந்து டேங்க் மாட்டிச் சாமந்திக்கு அடித்து அடித்து வந்த வலி இது. பட்டை இறங்குகிற இடத்தில்தான் ஆரம்பித்தது. இப்போது டேங்க் இல்லாமலே டேங்க் மாட்டின மாதிரி இருக்கிறது.

வைத்தியம் பார்க்கவில்லை என்று நினைக்காதே. எலும்புக்குக் கட்டுப் போடுகிற புத்தூருக்குப் போனேன். தடவிப் பார்த்து, "எலும்புல ஒண்ணும் இல்லீங்க, இது சதை. எங்ககிட்ட வேலை இல்ல" என்று நேர்மையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வலிக்கு மாத்திரை போட்டேன், வயிறு எரிந்தது. இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டேன், ஊசி போட்ட அன்றைக்கு ராஜா, மறுநாள் பழைய கஜபதி.

அதனால் ஊசி எனக்குப் புதுசில்லை. ஆனால் ஊசி என்றால் இடுப்பில் போடுவது. கழுத்துக்குப் பக்கத்தில் போடுவது என்று நீ எழுதித்தான் கேள்விப்படுகிறேன். அங்கே என்னென்ன நரம்பு ஓடுகிறதோ. உன் வாடிக்கைக்காரி தைரியசாலியாக இருக்கலாம். எனக்கு வேண்டாம்.

இந்த மூட்டையில் அடியில் இருப்பது கேந்திப் பூ. மேலே இருக்கிற சாமந்தியோடு கலந்துவிடாதே.

கஜபதி

---

திருத்தணி
ஜூன் 1

அண்ணாவுக்கு,

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நீ கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு மலை ஏறினவன். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்த வேல். சொட்டு ரத்தம் வரவில்லை, முகம் சுளிக்கவில்லை. நான் சின்னப் பெண், கூட்டத்தில் நின்று "அது எங்க அண்ணன்" என்று எல்லாரிடமும் சொன்னேன். அந்த மனுஷனுக்கு முடி மாதிரி ஒரு ஊசிக்குப் பயமா?

பதினொன்றாம் தேதி புதன்கிழமை. பத்து மணிக்கு உன் பெயரில் சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போ. நான் வரமாட்டேன், பயப்படாதே. சத்தியம் உடையாது.

பாஞ்சாலி

---

பள்ளிப்பட்டு
வைகாசி 30

பாஞ்சாலிக்கு,

போய் வந்தேன். என்ன நடந்தது என்று மற்றவர்கள் உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் உன் கடையில் பூ வாங்குகிறவர்கள்.

குத்திக்கொள்வது என்றால் எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். முந்தின நாளே விரதம். காலையில் தலைக்குக் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, தோள் முழுக்க விபூதியைக் குழைத்துப் பூசிக்கொண்டு புறப்பட்டேன். உன் அண்ணி, "டாக்டர்கிட்டத்தான போறோம், இன்னாத்துக்கு இதெல்லாம்" என்றாள். குத்தப் போகிற உடம்பைச் சுத்தமாக வைக்க வேண்டாமா என்று அவள் வாயை அடைத்தேன்.

மாடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு அம்மா எழுந்து கும்பிட்டே விட்டது. டாக்டர் நம் வீட்டுப் பெண் யுவஸ்ரீயைவிடக் கொஞ்சம் பெரியவர், அவ்வளவுதான் வயது இருக்கும். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஐயா, கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இனிமேத்தான் குத்தணும்னு."

அவருக்குப் புரியவில்லை. ஈரப் பஞ்சால் விபூதியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பிறகு ஸ்பிரிட் தடவினார். அந்த வாசனை ஏறினதும் எனக்குத் தலை லேசானது. விரலால் தேடினார். நீ எழுதின அந்த வேர்க்கடலை எனக்கும் இருந்தது, பாஞ்சாலி. தொட்டதும் "ஐயோ" என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாக, "ஆங், இதுதான். இங்கதான் உட்கார்ந்திருக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் என் வலி இருக்கிற இடத்தில் விரலை வைத்து "இதுதான்" என்று சொன்ன முதல் ஆள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியாலும்தான்.

அப்புறம் அந்த மேஜைமேல் தட்டில் ஊசி வைக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான் எனக்கு நினைவு. கண் திறந்தபோது தலையணை என் காலுக்கடியில் இருந்தது, நர்ஸ் அம்மா கையில் ஜூஸ். உன் அண்ணி வாசலில் நின்று முருகா முருகா என்கிறாள்.

டாக்டர் கேட்டார், "காலையில இன்னா சாப்டீங்க?"

"நேத்து மத்தியானத்துல இருந்து விரதம்ங்க."

"யாரு இருக்கச் சொன்னது?"

"குத்தறதுன்னா விரதம் இல்லாம எப்படிங்க?"

அவர் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தோள் மட்டும் குலுங்கியது. வெளியில் அனுப்பி இட்லி சாப்பிட வைத்து, மறுபடி கூப்பிட்டுக் குப்புறப் படுக்க வைத்தார். ஒரே ஒரு இடத்தில், இடது பக்கம், போட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வலையில் மீன் துள்ளுகிற மாதிரி சதை துள்ளியது. பிறகு மரத்துப் போனது. இன்னொரு தரம் வர வேண்டும் என்றார்.

ஒரு தரம் போதும். மானம் போனது போதும்.

கஜபதி

---

திருத்தணி
ஜூன் 15

அண்ணாவுக்கு,

கடையில் உட்கார்ந்து படித்தேன். பூ கட்ட வந்தவர்கள் எல்லாரும் "இன்னாக்கா, இப்டி சிரிச்சிகினு கீற" என்று கேட்டார்கள். சொல்லவில்லை. சொன்னால் மலை அடிவாரம் முழுக்க என் அண்ணன் டாக்டர் ஊசிக்குக் காவடி எடுத்த கதை பரவிவிடும். உன் மாப்பிள்ளைக்கு மட்டும் சொன்னேன். அவர், "மச்சான் அந்த மருந்து பாட்டிலுக்குத் தேங்காய் உடைச்சாரா?" என்கிறார்.

எல்லாம் எழுதினாய், வேண்டியதை எழுதவில்லை. வலி எப்படி இருக்கிறது? குறைந்ததா, அப்படியே இருக்கிறதா? மரத்துப் போனது தெளிந்த பிறகு இரண்டு நாள் நோவு இருக்கும், அடித்துப் போட்ட மாதிரி. அது பழைய வலி இல்லை, ஊசி போன நோவு. சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தால் சரியாகிவிடும். டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா? காதைத் தோளுக்குச் சாய்த்து நிறுத்துவது, சுவரில் பந்தை வைத்து முதுகால் தேய்ப்பது. செய்யாவிட்டால் கெட்டி மறுபடி வந்து உட்காரும்.

உடனே எழுது. நாளைக்கு வரும் சாக்கில் எதிர்பார்ப்பேன்.

பாஞ்சாலி

---

பள்ளிப்பட்டு
ஆனி 2

பாஞ்சாலிக்கு,

இதெல்லாம் உன் வாடிக்கைக்காரி உனக்குச் சொன்னாளா? அவள் ரொம்ப விவரமாகத்தான் சொல்கிறாள்.

வலியைப் பற்றிக் கேட்டாய். நோவு இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தேன். உன் அண்ணி வழக்கம்போல் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஏதோ யோசனையில் கொடியிலிருந்து வேறு சட்டையை எடுத்து நானே மாட்டிக்கொண்டேன். இடது கை தன்பாட்டுக்கு மேலே போய் உள்ளே நுழைந்து வெளியில் வந்தது. நான் கவனிக்கவே இல்லை. அவள்தான் கவனித்தாள். கையில் இருந்த சட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் கிட்டே வந்து எனக்குப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பொத்தான் போட எனக்கு எப்போதும் கை வரும். ஆனாலும் போடட்டும் என்று நின்றேன்.

சந்தோஷமாக இருக்கிறது, பாஞ்சாலி. மறைக்க என்ன இருக்கிறது? இடது பக்கம் படுக்கிறேன். முதுகு சொறிகிறேன். பூ மூட்டையை இன்றைக்கு நானே தூக்கி பஸ்ஸில் வைத்தேன். சடகோபன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஆனால் வலது பக்கத்தில் இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. இடது பக்கத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மறுபடி போக வேண்டும் என்று தெரிகிறது. காவடி எடுக்க வேண்டுமானால் போய்த்தான் ஆக வேண்டும். கால்தான் வரமாட்டேன் என்கிறது.

நீ கேட்டாயே, வேல் குத்தினவனுக்கு ஊசிக்கு என்ன பயம் என்று. யோசித்துப் பார்த்தேன். மலையில் குத்தும்போது பம்பை அடிக்கும், உடுக்கை அடிக்கும், சுற்றி நூறு பேர் கத்துவார்கள். நைனா கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் நான் என்று ஒருத்தன் அங்கே இல்லை. இந்த மாடி அறையில் சத்தமே இல்லை. ஃபேன் ஒன்றுதான் சுற்றுகிறது. அந்த அமைதியில் ஊசியும் நானும் மட்டும் இருக்கிறோம். எனக்குத் தாங்கவில்லை. இதை வெளியில் சொல்லாதே.

கஜபதி

---

திருத்தணி
ஜூன் 20

அண்ணாவுக்கு,

வருகிற புதன், அதே பத்து மணி. சாப்பிட்டுவிட்டு வா. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா.

பாஞ்சாலி

---

பள்ளிப்பட்டு
ஆனி 12

பாஞ்சாலிக்கு,

நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை.

குப்புறப் படுத்திருந்தேன். அந்தக் கட்டிலில் முகம் வைக்க ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத் தரை மட்டும்தான் தெரியும். டாக்டர் ஸ்பிரிட் தடவிக்கொண்டிருந்தார். அப்போது கதவு திறந்தது. இரண்டு கால் வந்து என் முகத்துக்கு நேரே கீழே நின்றது. கட்டைவிரலில் வாழைநார் ஒட்டியிருந்தது. வேறு யாருடைய காலாக இருக்கும்?

டாக்டர் உன்னைப் பார்த்து, "பாஞ்சாலி அம்மா, கழுத்து எப்படி இருக்கு? எக்சர்சைஸ் விடாம பண்றீங்களா?" என்றார்.

நீ தலையை ஆட்டியிருப்பாய். எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. வாடிக்கைக்காரியாம்! தைலம் தேய்த்து அசையாதவளாம்! கழுத்தைத் திருப்பித் திருப்பி வம்பு பேசுகிறாளாம்! இதெல்லாம் அவள் சொன்னாளா என்று நானும் எழுதிக் கேட்டு ஏமாந்தேன். எனக்கு வந்தால் வேஷம், உனக்கு வந்தால் டாக்டரா? எழுந்து கேட்டிருப்பேன். சத்தியம் குறுக்கே நின்றது, முதுகுமேல் ஊசியும் நின்றது.

"ஐயா, இப்ப போடப் போறேன், மூச்சை இழுத்து விடுங்க" என்றார் டாக்டர். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கண் இருட்டத் தொடங்கியது.

அப்போதுதான் நீ கத்தினாய். "தணிகை முருகனுக்கு!"

அந்தத் தொண்டை நைனாவுடைய தொண்டை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என்னை அறியாமல் என் வாயிலிருந்து "அரோகரா!" என்று வந்தது. வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் "அரோகரா!" என்றார்கள். கீழே மெடிக்கல் ஷாப்பிலிருந்தும் ஒரு குரல் வந்தது. நீ விடவில்லை. "கந்தனுக்கு!" அரோகரா. "வேலனுக்கு!" அரோகரா. அதற்குள் டாக்டர் வலது பக்கம் இரண்டு இடம், இடது பக்கம் ஒன்று, முடித்துவிட்டார். சதை துள்ளினது மட்டும் தெரிந்தது. ஊசி நுழைந்ததே தெரியவில்லை.

டாக்டர் ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு, "இனிமே எல்லாருக்கும் இதே மாதிரி போட்டுடலாம் போலிருக்கே" என்றார். நான் எழுந்து உட்கார்வதற்குள் உன் காலைக் காணோம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன அரோகரா உனக்கில்லை, முருகனுக்கு. சத்தியம் அப்படியேதான் இருக்கிறது.

கஜபதி

---

திருத்தணி
ஜூலை 3

அண்ணாவுக்கு,

முருகனுக்கே இருக்கட்டும். கூப்பிட்டது நான், பதில் சொன்னது நீ. ஒரு வருஷம் கழித்து உன் குரலைக் கேட்டேன். படி இறங்கும்போது கண் தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், அண்ணி பார்த்துவிட்டாள். உன்னிடம் சொல்லியிருப்பாள்.

ஆமாம், அந்த ஒருத்தி நான்தான். உனக்கு மருந்து டேங்க் என்றால் எனக்குப் பூ. தலையைக் குனிந்து விடியலில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை கட்டுகிறேன். தையில் ஆரம்பித்தது. உனக்கு எந்த இடமோ அதே இடம். உன்னை வேஷம் என்று சொன்ன வாயால் யாரிடம் போய் எனக்கு வலிக்கிறது என்பேன்? உன் மாப்பிள்ளையிடம் கூடச் சொல்லாமல் ஒரு மாதம் அடக்கிவைத்தேன். டாக்டர் கை வைத்து அழுத்தினபோது முதலில் உன் முகம்தான் வந்தது. ஊசி போட்டு வலி இறங்கினதும் பஸ் ஏறி உன் வீட்டுக்கு ஓடிவர வேண்டும் போல் இருந்தது. நீ பேசமாட்டாயே. அதனால்தான் சாக்கு.

இந்தப் புதன் டாக்டரிடம் காவடியைப் பற்றிக் கேட்டேன். முதலில் "வேணாமே" என்றார். என்ன விஷயம் என்று முழுவதும் சொன்னேன், சத்தியம் உட்பட. அவர் கொஞ்சம் யோசித்து, "வெயிட் குறைக்க முடியுமா?" என்று கேட்டார். கட்டை நேராகத் தோளில் பதியக் கூடாது, துண்டை மடித்து வைக்க வேண்டும். தோள் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அங்கங்கே நின்று ஏற வேண்டும். பழைய வலி தலைகாட்டினால் அந்த இடத்திலேயே இறக்கிவிட வேண்டும். வீம்பு கூடாது. இந்தக் கடைசி வார்த்தை நான் சேர்த்தது.

பாஞ்சாலி

---

பள்ளிப்பட்டு
ஆடி பிறந்தாச்சு

பாஞ்சாலிக்கு,

காவடிக்குப் பூ தனி மூட்டையில் வருகிறது. மஞ்சள் சாமந்தி, நம் தோட்டத்தில் இந்த வருஷம் வந்ததிலேயே நல்லது. முழுசும் கட்டு. பாரம் என்று பார்த்துக் குறைக்காதே. நைனா காவடி மொட்டையாக மலை ஏறக் கூடாது.

தினமும் சுவரில் பந்து வைத்துத் தேய்க்கிறேன். மாடு என்னையே பார்க்கிறது, தனக்குப் போட்டி வந்துவிட்டது என்று நினைக்கிறது போல. வலி இல்லை. இல்லை என்று எழுதவே பயமாக இருக்கிறது, ஆனாலும் இல்லை.

கரையில் காலையில் இருப்பேன். நீ காவடியைக் கொண்டுவந்து வை.

கஜபதி

---

பள்ளிப்பட்டு
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்

பாஞ்சாலிக்கு,

பேசியாகிவிட்டது. இனி எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நேற்று நேரில் ஒன்று சொல்ல வாய் வரவில்லை. அத்தனை பேர் சுற்றி நின்றார்கள், நீ வேறு அழுதுகொண்டிருந்தாய். அதனால் கடைசியாக ஒரு தரம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சண்டை. காவடியைத் தோளில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, நீ பாதிப் பூதான் கட்டியிருக்கிறாய். வெளியில் மட்டும் பூ, உள்ளே வெறும் இலை. நானே நட்டு, நானே பறித்து, நானே மூட்டை கட்டின பூ. அதன் பாரம் எனக்குத் தெரியாதா? மீதிப் பூவை என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டால் விலை சொல்வாய்.

ஏறினேன். துண்டு மடித்து வைத்திருந்தேன், தோள் மாற்றினேன், நின்று நின்று போனேன். நான் நின்ற இடத்திலெல்லாம் நீயும் நின்றாய். என் முகத்தைப் பார்க்காமல் தோளையே பார்த்துக்கொண்டு வந்தாய். வெயில் ஏறி, படி சுட்டது. நீ செம்பிலிருந்து என் காலுக்குத் தண்ணீர் ஊற்றினாய். மேலே போய்ச் சேர்ந்து, முருகன் முன்னால் நின்று, வெளியே வந்து காவடியை இறக்கினேன். மாப்பிள்ளை வாங்கி வைத்தார்.

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். ஒரு வருஷத்துச் சத்தியம், முதல் வார்த்தை என்ன வருகிறது என்று. நானும் சும்மா வரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "இன்னா பாஞ்சாலி, என் வேஷம் எப்டி இருந்தது?" என்று கேட்க வேண்டும், நீ தலை குனிய வேண்டும், ஊர் சிரிக்க வேண்டும். அதற்காகத்தான் ஏறினேன் என்றுகூடச் சொல்லலாம்.

உன் முகத்தைப் பார்த்ததும் அது ஒன்றும் வரவில்லை. "தோள் வலிக்குதும்மா" என்றேன்.

சுற்றி நின்றவர்களுக்கு ஏமாற்றம். உன் அண்ணி பதறிவிட்டாள். நீ மட்டும் பதறவில்லை. போன வருஷம் இதே வார்த்தைக்குத்தான் நாலு பேர் நடுவில் கத்தினாய். நேற்று கிட்டே வந்து, துண்டை விலக்கிவிட்டு, "எங்கேண்ணா?" என்றாய். நான் காட்டினேன். உன் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்து, "கெட்டி ஒண்ணும் இல்ல. இது கட்டை அழுத்துன வலி. காவடி எடுத்தா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாய்.

அதுதான் உண்மை. காலையில் எழுந்தபோது அதுவும் போய்விட்டது. சட்டையை நானே போட்டுக்கொண்டேன்.

நேரில் சொல்ல வராதது இதுதான், பாஞ்சாலி. ஊசி என் தோளைச் சரி செய்தது, அந்தப் பெண் டாக்டர் நன்றாக இருக்கட்டும். ஆனால் எனக்கு வலிக்கிறது என்று சொன்னால் நீ "எங்கே" என்று கேட்க வேண்டும். ஒரு வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

இந்தச் சாக்கை வெறும் சாக்காகவே திருப்பி அனுப்பு. போன் செய். உன் அண்ணியிடம் கொடுக்காமல் நானே எடுப்பேன். ஆனால் பூ கட்டிக்கொண்டே போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பேசாதே. கையில் பிடித்துப் பேசு.

கஜபதி